சாமிக்குக் கீழே சோப்பு

போன மாதம் கும்பகோணத்தில், படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மடியில் அப்பாயி வீட்டு மகாலட்சுமி.

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த பழைய வீட்டை விற்றாகிவிட்டது. பித்தளைப் பாத்திரங்களை ஒருவர் எடுத்துக்கொண்டார், ஊஞ்சல் பலகையை இன்னொருவர். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த லட்சுமியை யாரும் கேட்கவில்லை. கண்ணாடியில் விரிசல், சட்டத்தில் செல். அத்தை மட்டும் போன் பண்ணி, "அந்தப் படத்தை எனக்குக் கொண்டாந்து குடுடா" என்றார். அத்தை தஞ்சாவூரில் தனியாக இருக்கிறார். எழுபது வயசைத் தாண்டிவிட்டது. அவர் கேட்டு நான் இதுவரை செய்துகொடுத்தது ரொம்பக் கம்மி. சரி என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

கடைக்காரரும் அத்தை வயசுதான். பின்பக்க அட்டையைப் பிடித்திருந்த ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அட்டையை எடுத்தார். சிரித்தார்.

"தம்பி, இங்க பாருங்க. உங்க வீட்டு ஆளுங்க வெட்டாம மடிச்சு வெச்சிருக்காங்க."

படத்தின் அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு பட்டையைப் பின்னால் மடித்திருந்தது. அவர் பக்குவமாகப் பிரித்துக் காட்டினார். பாதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. கம்பெனி பெயர் போயே போய்விட்டது. மிச்சம் இருந்தது சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'சோப்'.

சின்ன வயசில் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது ஒரு சோப்பு விளம்பரத்துக்கு முன்னால்!

"இதெல்லாம் சகஜம் தம்பி. எங்கப்பா காலத்துல வருஷம் பொறந்தா ஜனம் காலண்டரோட வந்து நிக்கும். அடியில இருக்குறத வெட்டிட்டு ஃப்ரேம் போட்டுக் குடுங்கன்னு. கடை வாசல்ல சோப்பு, பிஸ்கட்டு, பீடிப் பேரா குப்பை கெடக்கும். மேல இருக்கறதெல்லாம் பூஜை ரூமுக்குப் போயிரும்" என்றார்.

நான் படித்தது பி.காம். ஒரு கம்பெனி பணத்தைக் கொட்டி விளம்பரம் அச்சடிக்கிறது. வாங்கியவர் கம்பெனி பெயரை மட்டும் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு மிச்சத்துக்குச் சூடம் காட்டுகிறார். இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில், எந்தத் தலைப்பில் எழுதுவது? கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

*

பழைய சோப்பு விளம்பரங்களுக்கு இப்போது மவுசு. சென்னையில் ஃபில்டர் காபிக்கு இருநூறு ரூபாய் வாங்குகிற கடைகளில் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறார்கள். இனாமல் போர்டு, தகரப் போர்டு, தலையில் மல்லிகைப்பூ வைத்த பெண், நுரைக்கு நடுவில் குழந்தை. பாதிக்கு மேல் புதுசாக அச்சடித்தவை. துருவைக்கூட அச்சிலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள். அசல் துரு விரலில் ஒட்டும், இது ஒட்டாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இவற்றை ஏன் நமக்குப் பிடிக்கிறது? "அந்தக் காலமே தனி சார்" என்று பெருமூச்சு விடுவது பதில் இல்லை. அந்தக் காலத்து ரேஷன் கார்டைப் பார்த்து யாரும் பெருமூச்சு விடுவதில்லையே. இந்தப் படங்களில் தனியாக ஏதோ இருக்கிறது.

அதைப் பார்க்க இங்கிலாந்து வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

ஜான் எவரெட் மில்லே என்று பெரிய ஓவியர். 1886-ல் தன் பேரனை உட்காரவைத்து ஒரு படம் வரைந்தார். சுருட்டை முடிப் பையன், கையில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும் ஊதுகுழலும். ஊதிவிட்ட குமிழியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். 'ஒரு குழந்தையின் உலகம்' என்று பெயர் வைத்தார். குமிழி உடையும், குழந்தைப் பருவம் போகும், வாழ்க்கையும் அப்படித்தான் என்பது உள்ளர்த்தம். நம் ஊரில் நீர்க்குமிழி என்று பாடி வைத்த அதே சமாச்சாரம்.

அந்தப் படம் கைமாறி பியர்ஸ் சோப்பு கம்பெனியின் தாமஸ் பாரட்டிடம் வந்து சேர்ந்தது. பாரட் விளம்பரத்தில் எமகாதகர். படத்தின் கீழே ஒரு சோப்புக் கட்டியைச் சேர்த்தார், 'பியர்ஸ்' என்று பெயரைப் போட்டார், லட்சக்கணக்கில் அச்சடித்து ஊரெல்லாம் விட்டார். பெரிய ஓவியர் சோப்புக்காரனுக்கு விலை போய்விட்டார் என்று லண்டனில் ஒரே ரகளை. போஸ் கொடுத்த பையன் வளர்ந்து கடற்படையில் அட்மிரல் ஆனார். அப்போதும் அவரைக் 'குமிழி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

பாரட்டைப் பார்த்து சன்லைட் சோப்பு முதலாளி வில்லியம் லீவரும் கிளம்பினார். 1889-ல் ஃப்ரித் என்ற ஓவியர், புது ஃப்ராக் போட்ட சிறுமி ஒருத்தியை வரைந்து கண்காட்சியில் வைத்தார். லீவர் அதை வாங்கி, 'எவ்வளவு சுத்தம்' என்று தலைப்பு மாற்றி சன்லைட் விளம்பரமாக ஆக்கிவிட்டார். ஓவியருக்கு மகா கோபம். அதே லீவர் பிற்பாடு ஓவியமாக வாங்கிக் குவித்து, போர்ட் சன்லைட்டில் மனைவி பேரில் ஒரு கேலரியே கட்டினார். மில்லேயின் குமிழிப் பையன் இன்றைக்கு இருப்பதும் அங்கேதான்.

கவனித்தீர்களா? அங்கே ஓவியத்தோடு சோப்பைச் சேர்த்தார்கள். இங்கே கும்பகோணத்தில் சோப்பை வெட்டிவிட்டு ஓவியத்தை எடுத்துக்கொண்டார்கள்.

*

லீவரின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் 1888-ல் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கின. 1895-ல் லைஃப்பாய், அப்புறம் பியர்ஸ், லக்ஸ் என்று வரிசையாக வந்தன.

காவிரிக் கரையில் அப்போது சோப்புக்கு என்ன வேலை? உடம்புக்குப் பயத்தமாவு, தலைக்குச் சீயக்காய், முகத்துக்குப் பூசுமஞ்சள், துணிக்கு உவர்மண். எல்லாம் வீட்டிலேயே இருந்தது, இல்லை சும்மா கிடைத்தது. அதோடு, சோப்பு என்றால் அதில் என்ன கொழுப்போ என்ற சந்தேகம் வேறு. மடி ஆசாரம் பார்க்கிற வீட்டில் அது கொல்லைப்புறத்தைத் தாண்டாது. கோத்ரெஜ் 1919-ல் தாவர எண்ணெயில் சோப்பு செய்து, 'இதில் மிருகக் கொழுப்பு இல்லை' என்று விற்றதற்குப் பின்னால் இந்தச் சந்தேகமும் இருக்கிறது.

இப்படி அந்நியமான ஒரு சாமான் வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் தெரிந்தவர் யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். லட்சுமியைவிடத் தெரிந்தவர் யார்?

அதற்கு வழி ஏற்கெனவே போட்டிருந்தது. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் ஆரம்பித்து, லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ண அச்சில் இறக்கினார். அதற்கு முன்னால் தஞ்சாவூர் ஜில்லாவில் வீட்டுக்குள் ஒரு நல்ல சாமி படம் வேண்டுமென்றால் தஞ்சாவூர் ஓவியம்தான். பலாப் பலகை, அதன்மேல் துணி, சுண்ணாம்புப் பூச்சு, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, மாசக்கணக்கில் வேலை. மிராசுதார் வீட்டுக் கூடத்துக்குத்தான் கட்டுப்படியாகும். அச்சுப் படம் வந்த பிறகு சாமி விலை குறைந்தார். காலண்டர் வந்த பிறகு இலவசமே ஆகிவிட்டார்.

காலண்டர் கலையைத் தமிழ்நாட்டுக்குச் சொந்தமாக்கியவர் சி. கொண்டைய ராஜு (1898-1976). சென்னையில் ஓவியம் படித்தார், நாடகத்துக்கு சீன் வரைந்தார், கோவில்பட்டியில் வந்து தங்கினார். அவரும் சீடர்களும் வரைய, பக்கத்தில் சிவகாசி அச்சடிக்க, முருகனும் மீனாட்சியும் தமிழ்நாட்டின் கடைசி ஓட்டு வீடு வரை போய்ச் சேர்ந்தார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்று ஆனதே 1939-ல்தான். எத்தனையோ குடிசைகளுக்கு மீனாட்சி அதற்கு அப்புறமும் காலண்டரில்தான் வந்தாள். கலை விமர்சகர்கள் 'காலண்டர் ஆர்ட்' என்று மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கோயில் கதவு திறக்காத வீட்டுக்குச் சாமியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எந்த மகா ஓவியம், சொல்லுங்கள்?

எங்கள் ஊரில் மளிகைக்கடைக்காரர் எல்லோருக்கும் காலண்டர் தர மாட்டார். சம்பா அறுவடை முடிந்து, பாக்கியைத் தீர்த்த வீட்டுக்குத்தான். சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் வைத்திருப்பார். கூடத்தில் புதுக் காலண்டர் தொங்கினால் இந்த வீட்டில் கடன் பாக்கி இல்லை என்று அர்த்தம். அப்பாயி அந்த லட்சுமியை முப்பது நாற்பது வருஷம் இறக்காததற்கு பக்தி மட்டும் காரணம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

*

இந்த விளம்பர உலகத்துக்கும் டெல்டாவுக்கும் நேரடி உறவு உண்டு. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன் சென்னைக்குப் போய் முதலில் செய்தது, பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் வேலை. அப்படி விளம்பரம் கொடுக்கப்போன இடத்தில்தான், நின்றுபோகும் நிலையில் இருந்த 'ஆனந்த விகட'னை 1928-ல் வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் என்று கதையாகச் சொல்வார்கள்.

தஞ்சாவூரில் 1924-ல் பிறந்த கோபுலு கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் போட்ட படங்களைப் பார்த்தால், நாயனக்காரரின் கன்னம் உப்புவதிலேயே ராகம் கேட்கும். 1963-ல் அவர் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். 1972-ல் 'ஆட்வேவ்' என்று சொந்தமாக ஆரம்பித்தார். 'இவ்வளவு பெரிய ஓவியர் போயும் போயும் விளம்பரத்துக்கா?' என்ற கேள்வி இங்கேயும் வந்திருக்கும். மில்லேயைக் கேட்ட அதே கேள்விதான். கதைக்கு ஒரு கை, விளம்பரத்துக்கு ஒரு கை என்று ஓவியனுக்குக் கிடையாது. இருப்பது ஒரே கை. வயசான காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை படுத்தபோது, கோபுலு இடது கையால் வரையப் பழகிக்கொண்டாரே, அந்தப் பிடிவாதம்தான் அது.

பழைய விளம்பரங்களின் ரகசியமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு கை உட்கார்ந்து, பொறுமையாக, ஒரு கன்னத்துக்கு மூன்று நிறம் போட்டிருக்கிறது. சோப்பைப் பற்றி அந்தக் கைக்கு ஒன்றும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் கன்னம் சரியாக வர வேண்டும், ஜரிகை ஜொலிக்க வேண்டும், நுரையில் வெளிச்சம் விழ வேண்டும். கூலி சோப்புக்கு. மரியாதை படத்துக்கு. கும்பகோணத்தில் கத்தரிக்கோலை எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. கூலியை வெட்டிப்போட்டுவிட்டு மரியாதையை மாட்டிக்கொண்டார்கள்.

*

இத்தோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் அத்தை இருக்கிறாரே.

அத்தை கறுப்பு. அந்தக் காலத்தில் வீட்டில் எல்லோரும் "மாநிறம்" என்பார்கள். மாநிறம் என்பது தமிழில் நிறம் இல்லை, ஆறுதல். பெண் பார்க்க வந்த மூன்று இடம், போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போடவே இல்லை. அத்தையிடம் ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. அதன் மூடிக்கு உள்பக்கம் பத்திரிகையில் வந்த சோப்பு விளம்பர முகங்களை வெட்டி ஒட்டியிருந்தார். பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் ரோஜா நிறம். நான் சின்னப் பையனாக அதைத் திறந்து பார்த்து, "இவங்கள்லாம் யாரு அத்தை?" என்று கேட்டிருக்கிறேன். "குளிச்சவங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது நினைவுக்கு வர எனக்கு நாற்பது வயசு ஆக வேண்டியிருந்தது.

அப்பாயிக்குத் தெரியாமல் வாசனைச் சோப்பு வாங்கி, நூலால் இரண்டாக அறுத்து, பாதியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாராம். சோறு வாசனை அடித்துத்தான் மாட்டிக்கொண்டார்.

அழகான இந்தப் படங்கள் சொன்ன பொய் இது. பியர்ஸ் கம்பெனி போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலேயே, கறுப்புக் குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்துத் தேய்த்தால் வெள்ளையாகிறது என்று படம் போட்டுக் காட்டியது. அங்கே அது பச்சையான நிறவெறி. இங்கே அவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 1941-ல் லீலா சிட்னிஸ் லக்ஸ் விளம்பரத்தில் வந்ததிலிருந்து நட்சத்திரங்களின் முகமே சேதியைச் சொல்லிவிட்டது.

சரி, வெள்ளைக்காரனையும் கம்பெனியையும் திட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடலாமா? அதுவும் முடியாது. தஞ்சாவூர் ஓவியத்தில் வெண்ணெய்க் கிருஷ்ணனைப் பாருங்கள். கொழுகொழு குழந்தை, மடிப்பு மடிப்பாகத் தொடை. கார்மேக வண்ணன் என்று பாடப்பட்டவன் பல படங்களில் வெண்ணெய் நிறத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். சோப்புக் கம்பெனிக்காரன் நமக்கு வெள்ளைத் தோலைக் கற்றுத்தரவில்லை. நாம் ஏற்கெனவே கண்ணனுக்கே பூசிவைத்திருந்ததைப் பார்த்து, 'அட, வேலை சுலபம்' என்று சிரித்திருப்பான்.

இன்னொன்று. டெல்டாவில் சோப்பு யாருக்கு அதிகம் தேவை? ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, உழுது, நடவு ஆரம்பித்தால், முழங்கால் அளவு வண்டல் சேற்றில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கிற பெண்களுக்கு. நகக்கண்ணில் ஏறிய சேறு சாமானியத்தில் போகாது. கடையில் பார் சோப்பைத் துண்டு போட்டு வாங்கி, துணிக்கும் அதுதான், உடம்புக்கும் அதுதான் என்று தேய்ப்பார்கள். இத்தனை வருஷம் இத்தனை சோப்பு விளம்பரம் பார்த்திருக்கிறேன். சுகமாகக் குளிக்கிற பெண்களையெல்லாம் வரைந்தார்கள். நடவு நட்டுவிட்டு வந்து கை கழுவுகிற ஒருத்தியை வரைந்த படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. அழுக்கே படாதவர்களை வைத்துத்தான் அழுக்குப் போக்கும் சாமானை விற்றிருக்கிறார்கள்.

காபிக் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் போர்டைப் பார்த்து நாம் "சோ க்யூட்" என்கிறோம். அது இப்போது நம்மிடம் எதையும் விற்க வரவில்லை, அதனால் சொல்ல முடிகிறது. கடன் கேட்காத சொந்தக்காரர் எல்லோருக்கும் நல்லவர்தான். ஒரு காலத்தில் அது ஒருத்தியின் டிரங்குப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, 'நீ சரியில்லை' என்று தினம் சொல்லிக்கொண்டிருந்தது. 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது 2020-ல். சோப்பில் ஆரம்பித்த பேச்சு கிரீமில் முடிய அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. முடிந்துவிட்டதா என்று கல்யாணத் தரகர்களைத்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் இந்தப் படங்களை ரசிக்கக் கூடாதா? ரசிக்கலாம். நான் ரசிக்கிறேன். அந்தக் கை நல்ல கை, வாங்கிக்கொண்ட வேலைதான் முழுக்க நல்ல வேலை இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கீழே இருக்கும் இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டால் படம் தெய்வீகமாகிவிடுகிறது, நமக்கும் நிம்மதி. வெட்டாமல் வைத்தால்தான் அது எதற்காக வந்தது என்று தெரியும்.

*

"என்ன தம்பி, வெட்டிறவா? மடிச்சே வெச்சிறவா?" என்றார் கடைக்காரர்.

நான் அத்தைக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். லட்சுமி சோப்பு காலண்டர் என்றதும் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்டா. மடிச்சு வெச்சதே நாந்தான். அம்மா வெட்டச் சொன்னாங்க. அந்த எழுத்து செக்கச்செவேல்னு அவ்வளவு அழகா இருந்துச்சு, மனசு வரலை" என்றார்.

"இப்ப என்ன அத்தை பண்ண?"

"பிரிச்சே போடச் சொல்லு. எல்லாம் தெரியட்டும்."

அறுநூற்றைம்பது ரூபாய் ஆனது. கடைக்காரர் பட்டையை நீவிவிட்டு, பூச்சி தின்ற இடத்துக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டி, புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் தஞ்சாவூரில் கொண்டுபோய் மாட்டினேன். அத்தை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, குங்குமம் வைக்க எட்டினார். வழக்கமாக லட்சுமியின் நெற்றிக்கு நேராக வைப்பார். வைத்தார். அப்புறம் கொஞ்சம் குனிந்து, கீழே 'சோப்' என்ற எழுத்துக்குப் பக்கத்திலும் ஒரு பொட்டு வைத்தார்.

"அதுக்கு எதுக்கு அத்தை?"

"இத்தனை வருஷம் பின்னாடி கெடந்துச்சில்ல" என்றார்.